ஓடைக்கரை நந்தவனத்துக்கு ஒரு கை கொடுங்கள்

அன்புள்ள உறவுகளுக்கு, வணக்கம்.

கோயிலுக்குப் பின்னால் ஓடைக்கரையில் நிற்கும், வேம்பின் சாயல் கொண்ட சிரிங்கா மரங்களை வெட்டப்போகிறோம். இந்தச் செய்தி பரவியதும் வந்த முதல் தொலைபேசி அழைப்பே வசவுதான். "அம்மன் மரத்திலேயே கோடாலி வைப்பீங்களா?" என்று ஓர் ஆயா கேட்டார். கேட்க அவருக்கு உரிமை உண்டு. அவருக்குச் சொன்ன பதிலையே எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறோம். கடைசியில் பணமும் கேட்போம். அதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் தென்னாப்பிரிக்காவில் நம் டர்பன் துறையை அடைந்தது. அதன் பின் 1911 வரை, ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் ஒப்பந்தக் கூலிகளாக டர்பன் இருக்கும் இந்த நேட்டால் மண்ணில் இறங்கினார்கள். மாரியம்மனும் அவர்களோடு வந்தாள். வேப்பமரம் மட்டும் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. பிள்ளைக்கு அம்மை போட்டால் வாசலில் எதைச் செருகுவது? தேடியவர்கள் கண்ணில் பட்டது சிரிங்கா. வேம்பின் குடும்பத்து மரம், ஏறக்குறைய அதே சாயலில் பல் வெட்டிய இலை. சரி, இதுதான் இனி நமக்கு வேப்பிலை என்று மஞ்சள் தண்ணீரில் நனைத்துவிட்டார்கள். யாரும் ஆகமம் பார்க்கவில்லை.

வேம்புக்கே அந்த இடம் எப்படி வந்தது என்று யோசித்தால் இது புரியும். பெரியம்மைக்கு மருந்தே இல்லாத காலம். கொப்புளத்தை நகத்தால் சொறியக் கூடாது, இலையால் வருடலாம். படுக்கையில் பரப்பினால் உடம்புக்குக் குளுமை. வாசலில் கொத்தைக் கண்டதும் அயலார் உள்ளே வராமல் திரும்பிவிடுவார்கள். வைத்தியமும் எச்சரிக்கையும் ஒரே கொத்தில் இருந்தன. 1980-இல் உலகில் பெரியம்மை ஒழிந்துவிட்டதாக அறிவித்தார்கள். நோய் போன பிறகும் இலை வாசலில் நின்றுவிட்டது.

மருந்து என்பதால் மட்டுமே ஒரு செடி சாமியாகிவிடும் என்று சொல்ல முடியாது. சிதம்பரத்தின் தலவிருட்சமான தில்லையின் பால் கண்ணில் பட்டால் கண்ணுக்கே ஆபத்து. சில மரங்கள் விடாப்பிடியால் வணங்கப்பட்டன. பொ.ஆ.மு. 480-இல் பாரசீகர்கள் ஏதென்ஸ் கோட்டையைக் கொளுத்தியபோது அத்தீனா தேவியின் ஒலிவ மரமும் எரிந்தது. மறுநாளே அடிமரத்திலிருந்து ஒரு முழம் துளிர் விட்டிருந்ததாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் எழுதுகிறார். ஒரு முழம் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் வெட்டினாலும் எரித்தாலும் தூரிலிருந்து கிளம்புவது ஒலிவத்தின் இயல்பு. ஊரே சாம்பலாகக் கிடக்கும்போது ஒரு துளிரைப் பார்த்தவர்கள் கும்பிடாமல் என்ன செய்வார்கள்? அதே கிரேக்கத்தின் டோடோனா கோயிலில் ஓக் மர இலைச் சலசலப்பைக் கேட்டுக் குறி சொன்னார்கள். அரசிலையும் காற்றே இல்லாத மாதிரி இருக்கும்போது சலசலக்கும். நம் பழைய அரசர்களுக்குக் காவல் மரம் இருந்தது. அதை வெட்டி வீழ்த்துவதையே பகைவன் தன் வெற்றியாகக் கொண்டாடினான். சேரன் ஒருவன் பகைவரின் கடம்பை வெட்டி முரசு செய்துகொண்டதைச் சங்கப் பாடல் பெருமையாகச் சொல்கிறது.

இவ்வளவு தூரம் போவானேன், இந்த மண்ணிலேயே ஒன்று இருக்கிறது. சூலு மக்கள் உம்லஹ்லன்கோசி என்றும் உம்பாஃபா என்றும் அழைக்கும் முள்மரம். வீட்டில் ஒருவர் சாலையிலோ மருத்துவமனையிலோ இறந்துபோனால், பெரியவர் ஒருவர் அந்த இடத்துக்கு இதன் கிளையோடு போவார். "வா, வீட்டுக்குப் போகலாம்" என்று இறந்தவரை அழைத்து, ஆவி கிளையில் ஏறியதாகக் கொண்டு திரும்புவார். வழியில் வேறு யாரோடும் பேச மாட்டார். டாக்ஸியில் கிளைக்கும் சேர்த்து இரண்டு பேருக்கான கட்டணம் கொடுப்பதுண்டு. அதன் முட்கள் இரட்டை இரட்டையாக இருக்கும்: ஒன்று நேராக முன்னே பார்க்கும், மற்றது பின்னே வளைந்திருக்கும். போகிற வழியும் வந்த வழியும் என்று விளக்கம் சொல்வார்கள்.

இந்த மரம் நம் இலந்தையின் நெருங்கிய உறவு. பத்ரிநாத்தில் இருக்கும் 'பதரி' இலந்தைதான். இஸ்லாமியர்கள் இறந்தவரின் உடலைக் கழுவும் நீரில் போடும் 'சித்ர்' இலையும் இதே இனத்தது. மூன்று வெவ்வேறு வழி மக்கள் ஒருவரையொருவர் கேட்காமலேயே ஒரே குடும்பத்து முள்மரத்தைக் கைகூப்பி இருக்கிறார்கள். இதைக் குழுக் கூட்டத்தில் சொன்னபோது வாக்குவாதம் பாதி அடங்கிவிட்டது. மீதி பாதி வடை வந்ததும் அடங்கியது.

அப்படியானால் சிரிங்காவை ஏன் வெட்ட வேண்டும்? இந்த நாட்டுச் சட்டத்தில் அது பரவிப் பிற செடிகளை நெருக்கும் அயல் மரம். மஞ்சள் காய்களைப் பறவைகள் தின்று விதையை ஓடை நெடுகப் போட்டுவிடுகின்றன. அந்தக் காய் மனிதருக்கு நஞ்சு. நகர்ப்புறத்தில் ஏற்கெனவே நிற்பதைச் சட்டம் பொறுத்துக்கொள்ளும். புதிதாக நடவோ விற்கவோ கூடாது. நீர்க்கரையில் நிற்கும் மரத்துக்கு அந்தச் சலுகையும் கிடையாது. நம் மரங்கள் நிற்பது நீர்க்கரையில். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் கரை சரிந்ததை எல்லோரும் பார்த்தோம். அப்புறம் இன்னொன்று: ஆடி இங்கே குளிர்காலம். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்ற பழமொழி டர்பனில் செல்லாது. போரிட்ஜ் பிரேயருக்கு, அதாவது நம் ஆடிக் கூழ் வழிபாட்டுக்கு, கூழ் கொதிக்கும் நேரத்தில் சிரிங்கா இலையுதிர்த்து மொட்டையாக நிற்கும். ஒரு கொத்துக்காக எத்தனை தெரு அலைந்திருக்கிறோம்!

அதனால் முன்னோர் செய்ததையே இன்னொரு முறை செய்யப்போகிறோம். உறவு மரத்தைத் தேடுகிறோம். கரையில் உம்பாஃபா நடுவோம், இலந்தைக்கு உறவாக. நீரோரத்தில் உம்டோனி, ஆற்றங்கரையில் தானாக வளரும் இந்த மண்ணின் மரம், திருவானைக்காவின் தலவிருட்சமான நாவல் மரத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி. பழமும் அப்படியே கறுத்துப் பழுக்கும், சுட்ட பழமா சுடாத பழமா என்று பிள்ளைகள் கேட்டு விளையாடலாம். ஓடைக்கு எட்டத்தில், அம்மன் சந்நிதிப் பக்கம், உரியவர்களிடம் கேட்டுக்கொண்டு, நிஜ வேம்பு ஒன்றே ஒன்று. வில்வம், துளசி, கறிவேப்பிலை, செம்பருத்தி, நந்தியாவட்டை. அரசமரம் வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். கரையில் கட்டப்போகும் புதுச் சுவரை அதன் வேர் பத்தே வருடத்தில் பிளந்துவிடும்; மன்னிக்கவும், முடியாது.

பழைய மரங்களுக்கு முதலில் மஞ்சள் நீர் ஊற்றி, படையல் வைத்து, விடை கேட்டுவிட்டுத்தான் ரம்பம் வைப்போம். பக்கத்துத் தெரு கோகோ (சூலுப் பாட்டி) ஒருவரை உம்பாஃபா நட்டுக் கொடுக்க அழைத்திருக்கிறோம், வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

சரி, கணக்குக்கு வருவோம். மரம் வெட்டவும், மீண்டும் துளிர்க்காதபடி அடிக்கட்டைக்கு மருந்து பூசவும் 38,000 ரேண்ட். (ஒலிவத்தைப் போலவே சிரிங்காவும் தூரிலிருந்து கிளம்பும்; இங்கே அது செலவு.) கரைக்குக் கம்பிவலையில் கல் அடுக்கிய சுவர் 96,000. கன்று, மண், வேலி, மழைநீர்த் தொட்டி எல்லாம் சேர்த்து 31,000. மொத்தம் 1,65,000 ரேண்ட். கையில் இருப்பது 47,000. இன்னும் 1,18,000 வேண்டும். 50 ரேண்டும் பெரிய தொகைதான். ரசீது கட்டாயம் வாங்கிக்கொள்ளுங்கள். வெள்ளி மாலையும் ஞாயிறு காலையும் கோயில் அலுவலகத்தில் மட்டுமே பணம் பெறுகிறோம். வீடு தேடி வந்து யாராவது கேட்டால் கொடுக்க வேண்டாம். மாதக் கணக்கு அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். கன்றுக்குப் பெயர்ப்பலகையில் மரத்தின் பெயர் தமிழிலும் சூலுவிலும் ஆங்கிலத்திலும் இருக்கும், கொடுத்தவர் பெயர் இருக்காது. இதில் சிலருக்கு வருத்தம் என்று தெரியும்.

பணம் முடியாதவர்கள் செப்டம்பரில், மழை தொடங்கும்போது, நடவுக்கு வாருங்கள். மண்வெட்டி கொண்டுவந்தால் உதவி. கோயிலில் மூன்றுதான் இருக்கிறது, ஒன்றுக்குப் பிடி ஆடுகிறது.

நந்தவனக் குழுவினர்