குருதி ஊசிக்கு அழகுநிலையம் போதுமா?

ஆசிரியருக்கு,

வன்னியில் அழகுநிலையங்கள் சில, முடி உதிர்வுக்கும் முகப்பொலிவுக்கும் ‘பி.ஆர்.பி.’ ஊசி (வாடிக்கையாளரின் சொந்தக் குருதியிலிருந்து சிறுதட்டுக்கள் செறிந்த பகுதியைப் பிரித்து அவருக்கே ஏற்றுவது) போடுவது பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான செய்தி கட்டணத்தை மட்டுமே பேசியது. கேட்கவேண்டியது, எடுத்த குருதியை யார், எப்படிக் கையாளுகிறார்கள் என்பதே. 10 முதல் 20 மில்லிலீற்றர் வரை எடுத்து, உறையாதிருக்கச் சித்திரேற்று இட்ட குழாயில் இயந்திரம் கொண்டு சுழற்றினால் செங்குழியங்கள் அடியில் தங்கும். மேலே மஞ்சள் திரவவிழையம் (பிளாஸ்மா) சிறுதட்டுக்களுடன் நிற்கும். வேகம் மிஞ்சினால் சிகிச்சைக்கு வேண்டிய அந்தக் குருதிச் சிறுதட்டுக்களும் கீழிறங்கிவிடும்; பிறகு தலையில் ஏறுவது வெறும் மஞ்சள் நீர்தான். (நிமிடத்துக்கு இத்தனை சுற்று என்ற கணக்கும் போதாது, இயந்திரத்தின் ஆரை மாறினால் விசையும் மாறும்.)

அதைவிடப் பெரிய ஆபத்து, குழாய் மாறி ஒருவரின் குருதி இன்னொருவருக்கு ஏறுவது. ஆய்வுகூடத்தில் பெயர்ச்சீட்டு இல்லாத குழாயை நாங்கள் அப்படியே கழித்துவிடுவோம். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் 2018இல் மூடப்பட்ட ஓர் அழகுநிலையத்தில் இத்தகைய முகச் சிகிச்சை பெற்ற பெண்கள் சிலருக்கு எச்.ஐ.வி. தொற்றியது. பதிவுபெற்ற மருத்துவர் இல்லாத இடங்களில் இச்சிகிச்சையைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனை உடனே நிறுத்தவேண்டும். அனுமதி பெற்ற இடங்களிலும் வாடிக்கையாளரின் கண்முன்னேயே குழாயில் பெயர் எழுதவும், புதிய ஊசியைப் பிரிக்கவும் பணிக்கவேண்டும்.

மருத்துவ ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளர்,
வவுனியா.