எத்தனையில் ஏழு?

ஆசிரியர் அவர்களுக்கு,

சின்ன விடயம்தான், இதற்கெல்லாமா ஒரு கடிதம் என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் கொழும்பில் கந்தோர் வேலை பார்க்கிறவர்களில், கிழமைக்கு ஒரு தடவையாவது ஏசி அறைக்குள் உட்கார்ந்து யாரோ ஒருவர் சுவரில் ஸ்லைட் ஓட்டுவதைப் பார்க்காதவர்கள் குறைவு. கீழ் மூலையில் 7 என்று இருக்கும். சரி, எத்தனையில் ஏழு? பத்திலா, எழுபதிலா? அதைச் சொல்லாத இலக்கத்தால் கேட்டுக்கொண்டிருக்கிறவனுக்கு என்ன பிரயோசனம்?

நான் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். பேசுவது எங்கள் பெரியவர், ஸ்லைட் செய்து கொடுப்பது நான். போன வருடம் ஒரு கூட்டத்துக்கு முதல் நாள் பின்னேரம், "தம்பி, நம்பருக்குப் பக்கத்தில மொத்தத்தையும் போட்டுவிடும், எத்தனை இருக்கெண்டு சனத்துக்குத் தெரியட்டும்" என்றார். நல்ல எண்ணம். பவர்பொயின்டில் அதற்கென்று ஒரு வழி இருக்கும் என்று நம்பி அரை மணித்தியாலம் தேடினேன், இல்லை. கடைசியில் எல்லா ஸ்லைடுக்கும் பொதுவான அச்சாக இருக்கிற ஸ்லைட் மாஸ்டருக்குள் போய், இலக்கம் வருகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சாய்கோடு போட்டு 34 என்று கையால் அடித்துவிட்டு வெள்ளவத்தைக்கு பஸ் ஏறிவிட்டேன். மறுநாள் காலையில் நேரம் போதாது என்று பெரியவர் ஐந்து ஸ்லைடை அழித்திருக்கிறார், எனக்குச் சொல்லவில்லை. நான் அடித்த 34 அப்படியே இருந்தது. 29/34 இல் 'நன்றி' வந்து நின்றது. ஒருவரும் கை தட்டவில்லை, எல்லோரும் மிச்சத்துக்குக் காத்திருக்கிறார்கள். பிறகு வெளியிலிருந்து வந்த ஒருவர் மெதுவாக, "மற்ற ஐந்திலும் என்ன இருந்தது?" என்று கேட்டார். கணக்குச் சொல்லும் கூட்டத்தில் இப்படி ஒரு கேள்வி வந்தால் எப்படி இருக்கும் என்று கணக்குக்காரருக்குத் தெரியும். பெரியவர் என்னைப் பார்த்தார். நான் தேத்தண்ணீர்க் கோப்பையைப் பார்த்தேன்.

பிழை என்னுடையதுதான், கையால் அடித்தது நான். ஆனால் கையால் அடிக்க வேண்டி வந்தது ஏன் என்பதுதான் என் கேள்வி. மொத்தம் எத்தனை என்பது அந்த மென்பொருளுக்குத் தெரியாமல் இல்லை. ஸ்லைட் செய்துகொண்டிருக்கும்போது கீழே இடது பக்கத்தில் 34 இல் 7 என்று காட்டும். பேசுகிறவருக்கென்று தனியாக வருகிற பிரசென்டர் வியூ திரையிலும் காட்டும். சுவரில், எல்லோரும் பார்க்கிற இடத்தில் மட்டும் காட்டாது. அதே மைக்ரோசொஃப்ட்டின் வேர்டில் பக்க இலக்கம் போடப் போனால், பத்தில் மூன்றாம் பக்கம் என்கிற மாதிரி வேண்டுமா என்று அதுவே எடுத்து நீட்டுகிறது, பக்கம் கூடினாலும் குறைந்தாலும் தானே மாற்றியும் கொள்கிறது. ஒரே வீட்டில் பிறந்த இரண்டு பிள்ளைகளில் ஒன்றுக்கு மட்டும் எண்ணத் தெரியும் என்றால் என்ன செய்வது?

மெக்ரோ, அதாவது வேலையைத் தானாகச் செய்கிற ஒரு சின்ன நிரல், எழுதலாமே என்பார்கள். எழுதலாம், ஒவ்வொரு ஸ்லைடாகப் போய் மொத்தத்தை எழுதிவிட்டு வர நாலைந்து வரி போதும். அப்புறம் ஒரு ஸ்லைடை அழித்தால் திரும்பவும் அதை ஓட்ட வேண்டும், ஃபைலோடு மெக்ரோவும் போக வேண்டுமென்றால் வேறு வகையாகச் சேமிக்க வேண்டும், மெயிலில் வந்த மெக்ரோ ஃபைல் என்றாலே பல கந்தோர்க் கணினிகள் திறக்க விடாது. காலையில் அவசரத்தில் ஐந்து ஸ்லைட் அழிக்கிற மனிசன் இதையெல்லாம் செய்வாரா? கூகிள் ஸ்லைட்ஸிலும் இலக்கம் மட்டும்தான், மொத்தம் இல்லை.

முடியாத காரியம் என்றால் வாயை மூடிக்கொண்டு இருக்கலாம். காசு கொடுக்காமல் எடுக்கக்கூடிய லிப்ரே ஒஃபிஸ் இம்பிரெஸில் இன்சேர்ட் மெனுவுக்குள் ஃபீல்ட் என்ற இடத்தில் ஸ்லைட் கவுண்ட் என்று தனியாகவே இருக்கிறது. கட்டுபெத்தையில் பொறியியல் படிக்கிற தங்கச்சியின் மகன் லேடெக் என்ற ஆவணம் தயாரிக்கிற மென்பொருளில் ஸ்லைட் செய்வதற்கென்று இருக்கிற பீமர் என்று ஒன்றைப் பாவிக்கிறான், அதில் பல பாணிகளில் 7/34 என்று தானாகவே வருகிறது. ஒரு ஸ்லைடில் வரிகளை ஒவ்வொன்றாகக் கிளிக் செய்து கொண்டுவந்தாலும் அதை ஒன்றாகத்தான் எண்ணும். 'நன்றி'க்குப் பிறகு கேள்வி வந்தால் காட்டுவதற்கு ஒளித்து வைத்திருக்கிற ஸ்லைட்களைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதற்கும் ஒரு சின்னத் துணைப் பொதி இருக்கிறதாம். இதுதான் எனக்குப் பிடித்தது. ஏனென்றால் பவர்பொயின்டில் ஹைட் செய்த ஸ்லைடுக்கும் இலக்கம் உண்டு, காட்டும்போது 11க்குப் பிறகு 13 வந்து நிற்கும், அதற்கும் ஒரு சந்தேகப் பார்வை கிடைக்கும்.

பவர்பொயின்ட் முதன்முதலில் 1987இல் மெக்கின்டோஷுக்கு வந்தபோது அதன் வேலை ஓவர்ஹெட் புரொஜெக்டருக்கான தாள்களைத் தயாரிப்பது. நாங்கள் கம்பஸில் இருந்த காலத்திலும் விரிவுரையாளர்கள் அந்தக் கண்ணாடித் தாள் கட்டோடுதான் வருவார்கள். இலக்கமே தேவைப்படவில்லை, மேசையில் இருக்கிற கட்டு குறைகிறதா என்று பின்வரிசையிலிருந்தே கண்ணால் அளந்துவிடலாம். முதல் நாளே கட்டின் தடிப்பைப் பார்த்துவிட்டு நழுவினவர்களும் உண்டு, பெயர் சொல்ல மாட்டேன். கணினி வந்து அந்தக் கட்டைக் கண்ணிலிருந்து மறைத்துவிட்டது, அதற்குப் பதிலாக எதையும் வைக்கவில்லை.

மொத்தத்தைக் காட்டினால் சனம் 34ஐக் கண்டவுடனேயே போனை எடுத்துவிடும் என்று எங்கள் கந்தோரில் ஒரு அக்கா வாதாடுகிறார். காட்டாவிட்டாலும் எடுக்கிறார்கள்தானே அக்கா. அவர் சொன்ன இன்னொன்றுக்குத்தான் என்னிடம் சரியான பதில் இல்லை: சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று ஒரே விடயத்தை மூன்று ஸ்லைடில் போடுகிற கூட்டங்களில் பத்து ஸ்லைட் பேச்சுக்கு மூலையில் 30 என்று காட்டினால் யார் இருப்பார்கள்? அங்கே எண்ண வேண்டியது ஸ்லைடையா விடயத்தையா என்று மென்பொருள் செய்கிறவர்களும் ஒரு தடவை யோசிக்கட்டும்.

அதுவரைக்கும் நான் பெரியவருக்கு மொத்தம் போட்டுக் கொடுப்பதில்லை. இரண்டாவது ஸ்லைடில் 'இன்றைக்கு நான்கு விடயங்கள்' என்று எழுதி, அதற்குப் பிறகு வருகிற ஒவ்வொன்றின் தலையிலும் எத்தனையாவது விடயம் என்று போட்டுவிடுகிறேன். போன மாதம் அதிலும் ஒரு விடயத்தை முழுதாக அழித்துவிட்டு வந்து நின்றார்.

இப்படிக்கு,
கணக்குப் பிரிவு வாசகர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6