லுசினியான் என்ற பெயர்

அன்புள்ள கண்ணம்மா,

குழந்தைக்கு யாருடைய குடும்பப்பெயரை வைப்பது என்று நீயும் மாப்பிள்ளையும் இன்னும் பேசி முடிக்கவில்லையாமே, அம்மா சொன்னாள். "தாயார் பெயரை வைத்தால் வம்சம் என்ன ஆவது?" என்று சம்பந்தியம்மா கேட்டாராம். பிரான்சில் உங்கள் புவாத்தியே நகருக்குத் தென்மேற்கே, பக்கத்திலேயே லுசினியான் என்று ஒரு சிற்றூர் இருக்கிறதே, அந்த ஊர்க் கதையை அவருக்கு எடுத்துச் சொல்.

ஊர்ப் பெயரையே குடும்பப்பெயராகக் கொண்டவர்கள் அந்தப் பிரபுக்கள். பத்தாம் நூற்றாண்டில் 'வேட்டைக்காரர்' எனப்பட்ட யூக் என்பவரிடம் வம்சம் தொடங்குகிறது. அப்புறம் வரிசையாக எல்லாரும் யூக்தான்; எண் போட்டுத்தான் அடையாளம் காண வேண்டும். ஒன்பதாம் யூக்குக்கு நிச்சயித்த இசபெல்லை 1200இல் இங்கிலாந்து மன்னன் ஜான் கல்யாணம் செய்துகொண்டான். லுசினியான் வீட்டார் பிரெஞ்சு அரசன் பிலிப்பிடம் முறையிட்டார்கள். விசாரணைக்கு ஜான் வரவில்லை. பிலிப் போர் தொடுக்க, 1204க்குள் வட பிரான்சில் ஜான் ஆண்ட நார்மண்டியே அவன் கையை விட்டுப் போனது. ஜான் இறந்தபின் இசபெல் மணந்தது யாரை என்கிறாய்? அந்த ஒன்பதாம் யூக்கின் மகனை! நம் ஊர் சீரியல்கள் தோற்றன, போ.

அதே வீட்டுப் பையன் கீ, ஜெருசலேம் இளவரசி சிபில்லாவை மணந்து 1186இல் அரசனானான். மறு வருஷமே ஹத்தீன் போரில் சுல்தான் சலாதீனிடம் தோற்றுச் சிறைப்பட்டான். திறமைசாலி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் 1192இல் சைப்ரஸ் தீவு அவன் கைக்கு வந்தது.

இனிதான் சம்பந்தியம்மா கேட்க வேண்டியது. 1267இல் சைப்ரஸ் அரசன் இரண்டாம் யூக் சிறுவனாகவே இறந்தான், ஆண் வாரிசு இல்லை. பட்டத்துக்கு வந்த மூன்றாம் யூக்குக்குத் தகப்பன் வழி அந்தியோக்கியா இளவரசர் வம்சம். தாய்தான் லுசினியான் வீட்டுப் பெண். அவன் தாயின் பெயரை எடுத்துக்கொண்டான். அதன்பின் இருநூறு ஆண்டுகள் சைப்ரஸை ஆண்ட லுசினியான்கள் எல்லாரும் இந்தத் தாய்வழிக்காரர்களே.

அவர்களுடைய கட்டுக்கதையிலும் ஒரு பெண்தான் மூலம். மெலுசின் என்ற அந்தத் தேவதைக்குச் சனிக்கிழமைகளில் இடுப்புக்குக் கீழே பாம்பு உடல். புருஷன் ஒளிந்து பார்த்து, பிறகு அதைச் சொல்லிக்காட்டியும் விட்டான், அவள் பறந்துபோனாள். பிரான்சின் பெரி கோமகனுடைய ஓவியப் பிரார்த்தனை நூலில் மார்ச் மாதப் பக்கத்தைப் பார்: முன்னால் ஒரு கிழவர் ஏர் உழுகிறார், பின்னால் லுசினியான் கோட்டை, கோபுரத்தின் மேல் தங்க நிறத்தில் ஒரு சிறகுப் பாம்பு. அது அவள்தான். கோட்டையைப் பதினாறாம் நூற்றாண்டு மதப்போர்களின்போது இடித்துவிட்டார்கள்.

உன் குடும்பப்பெயர் என்று அங்கே பிரான்சில் எழுதியிருப்பது உண்மையில் என் பெயர்தான். அதனால் இதில் நான் நடுநிலைக்காரன் இல்லை, தெரிந்துகொள். 2005 முதல் அங்கே தாய், தந்தை, இரண்டு பேர் பெயரும் சேர்த்து, எது வேண்டுமானாலும் வைக்கலாம். பிறந்து ஐந்து நாளுக்குள் பதிய வேண்டும், ஆகவே பிரசவத்துக்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அப்பா