அந்தப் பாட்டில் எந்த இடம்?

மந்தைவெளி,
சென்னை.

அன்புள்ள சுமதி,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி வலி தேவலை என்று படித்த பிறகுதான் மற்றதைப் படிக்கவே மனசு வந்தது. பிசியோதெரபியைப் பாதியில் விட்டுவிடாதே. விடுகிற ஆள் நீ, எனக்குத் தெரியும். இங்கே எல்லோரும் சௌக்கியம். இவர் ரிட்டையர் ஆனதிலிருந்து சமையலறைக்குள் புகுந்துகொண்டு டப்பாக்களுக்கெல்லாம் லேபிள் ஒட்டுகிறார். பெருங்காயத்துக்கு ஒட்டினால் சரி, உப்புக்குமா? லஸ் பக்கம் மெட்ரோ வேலை இன்னும் முடிந்தபாடில்லை. மயிலாப்பூர் மாடவீதிக்குப் போய்வர ஊரைச் சுற்றுகிறோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பிங்க் ஃபிளாய்ட், டயர் ஸ்ட்ரெய்ட்ஸ், சக்தி, இந்தியன் ஓஷன் என்று நாலு இசைக் கோஷ்டியின் பெயர் எழுதி, இதே மாதிரி இன்னும் சொல்லு என்று கேட்டிருக்கிறாய். பாட்டு ஆப் கொடுப்பதெல்லாம் சலித்துவிட்டது என்றும் புலம்பியிருக்கிறாய். சலிக்காமல் என்ன செய்யும்? இதைக் கேட்டவர்கள் அதையும் கேட்டார்கள் என்பதுதான் அதற்குத் தெரிந்த பெரிய கணக்கு. நீ யாரோடு ஒரே வரிசையில் நிற்கிறாய் என்று அதற்குத் தெரியும், ஏன் நிற்கிறாய் என்று தெரியாது. பேரன் வந்தபோது ஒரு நாள் நிலாப் பாட்டு போட்டேன். அதற்கப்புறம் மாதக்கணக்கில் எனக்கு நர்சரிப் பாட்டாக வந்து விழுந்தது. அமெரிக்காவில் பாண்டோரா என்ற கம்பெனி இன்னொரு வழியில் போனது. இசை படித்தவர்களை உட்காரவைத்து, ஒவ்வொரு பாட்டையும் தாளம், குரல், சுருதி என்று 450 குணங்கள் வரை பிரித்து எழுதச் சொன்னார்கள். நல்ல யோசனைதான். ஆனால் அந்த 450-இல் உனக்கு எது பிடித்தது என்பதை நீதானே சொல்ல வேண்டும்?

என் அக்கா பேத்திக்கு பி.டி.எஸ். என்ற கொரியப் பாட்டுக் கோஷ்டி மேல் பைத்தியம். 'பாட்டி, இதைக் கேளுங்க' என்று முழுப் பாட்டையும் போட மாட்டாள். விரலால் நகர்த்தி, 'இந்த இடம், இந்த இடம் மட்டும்' என்று ஒரு பத்து விநாடியைப் போடுவாள். எல்லோரும் பாடிக்கொண்டே வந்து சட்டென்று வாத்தியமெல்லாம் நின்று ஒரு குரல் மட்டும் தனியாக நிற்கும் இடம். அவளுக்குக் கொரியாவும் வேண்டாம், டான்ஸும் வேண்டாம், அந்த ஒரு நிறுத்தம்தான் வேண்டும். அன்றிலிருந்து யார் என்னிடம் பாட்டு கேட்டாலும் நான் கேட்பது ஒரே கேள்விதான்: உனக்கு அதில் எந்த இடம் பிடிக்கும்? உன்னிடமும் கேட்டிருப்பேன். ஆனால் முப்பது வருஷமாக உன்னோடு சேர்ந்து கேட்டவள் நான், பாதி எனக்கே தெரியும்.

பிங்க் ஃபிளாய்டையே எடுத்துக்கொள். ஊரில் பாதிப் பேர் அவர்களை வார்த்தைக்காகக் கேட்கிறார்கள். நீ கேட்பது அவர்களுடைய நிதானத்துக்காக. 1975-இல் வந்த 'ஷைன் ஆன் யூ கிரேசி டயமண்ட்' நினைவிருக்கிறதா? எட்டு நிமிஷத்துக்கு மேல் ஆன பிறகுதான் குரலே வருகிறது. போன வாரம் பறக்கும் ரயிலில் அதைக் கேட்டுக்கொண்டு போனேன். மந்தைவெளியில் ஏறும்போது ஆரம்பித்தது. மயிலாப்பூர் போயிற்று, கலங்கரை விளக்கம் போயிற்று, அவர்களுடைய கிட்டார்க்காரர் கில்மோரின் கிட்டார் இன்னும் பேசிக்கொண்டேதான் இருக்கிறது. திருவல்லிக்கேணியில் கூட்டம் ஏறும்போது ஒருவழியாகப் பாடத் தொடங்கினார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா கையில் கீரைக்கட்டோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தலையை ஆட்டியிருப்பேன் போல.

இந்த நிதானம் பிடித்தவளுக்கு எல்லோரும் போர்க்குப்பைன் ட்ரீ என்ற கோஷ்டியைச் சொல்வார்கள். உன் மருமகனும் சொல்லியிருப்பார். கேட்கலாம், தப்பில்லை. ஆனால் நீ தேடுவது அங்கே இல்லை என்பேன். அவர்கள் இடைவெளியே விடுவதில்லை. நீ டாக் டாக் என்ற இங்கிலாந்துக் கோஷ்டியின் 'ஸ்பிரிட் ஆஃப் ஈடன்' கேள். 1988-இல் வந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் டான்ஸ் பாட்டு போட்டுப் பேர் வாங்கியவர்கள், திடீரென்று வேறு ஆளாகிப்போனார்கள். ஒரு டிரம்பெட் எங்கிருந்தோ வரும், நிற்கும். அடுத்தது வருவதற்குள் நீ இரண்டு முறை மூச்சு விட்டிருப்பாய். முதல் தடவை கேட்கும்போது 'என்னடி இது, ஒன்றுமே நடக்கவில்லையே' என்பாய். அப்படியே ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு இன்னொரு தடவை போடு.

அதோடு இன்னொன்று. சிரிக்காதே. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை நாதஸ்வரத்தில் வாசித்த தோடி ராகம். இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷத்துச் சொச்சம்தான் இடம் இருந்த காலம். அதற்குள்ளேயே அவர் ஒரு அவசரமும் படுவதில்லை. ஒரு சுரத்தில் போய் நிற்பார், அதை விட்டு நகர மனசில்லாமல் நிற்பார். கில்மோர் ஒரு கம்பியை இழுத்து நிறுத்தும்போது உனக்கு என்ன ஆகிறதோ, அதேதான் இங்கேயும் ஆகும். ராக்கையும் நாதஸ்வரத்தையும் ஒரே மூச்சில் சொல்வது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் காதுக்கு அலமாரி தெரியாது பார்.

டயர் ஸ்ட்ரெய்ட்ஸில் உனக்குப் பிடித்தது மார்க் நாஃப்லரின் விரல். பிளெக்ட்ரம் என்ற மீட்டுகிற சில்லு இல்லாமல் கட்டைவிரலும் இரண்டு விரலும் வைத்து மீட்டுவார், அதனால்தான் ஒவ்வொரு சுரமும் பேசுகிற மாதிரி இருக்கிறது. அவருக்கு முன்னாலேயே ஜே.ஜே. கேல் என்று ஒருவர் இதே மாதிரி அலட்டிக்கொள்ளாமல் வாசித்துக்கொண்டிருந்தார். அவருடைய முதல் ஆல்பம் 'நேச்சுரலி'. அதைக் கேட்டால் நாஃப்லர் எங்கிருந்து வந்தார் என்று புரியும். அங்கிருந்து நேரே ஆப்பிரிக்காவுக்குப் போய்விடு. மாலி நாட்டு அலி ஃபார்கா தூரேயும் அமெரிக்கர் ரை கூடரும் சேர்ந்து 1994-இல் 'டாக்கிங் டிம்பக்டூ' என்று ஒன்று வெளியிட்டார்கள். அதே கூடர் அதற்கு முந்தைய வருஷம் நம் விஸ்வமோகன் பட்டின் மோகன வீணையோடு உட்கார்ந்து ஒரு தட்டு போட்டார், கிராமி வாங்கியது. 'எ மீட்டிங் பை த ரிவர்' என்று தேடினால் கிடைக்கும்.

மாலி என்றதும் டினாரிவெனைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சஹாராவின் துவாரெக் மக்கள். அந்தக் குழுவை ஆரம்பித்த இப்ராஹிம் சின்ன வயதில் தகர டப்பா, ஒரு குச்சி, சைக்கிள் பிரேக் கம்பி மூன்றையும் வைத்துத் தானே ஒரு கிட்டார் செய்துகொண்டவர். நாலைந்து கிட்டார், கைத்தட்டல், கூட்டமாக ஒரு குரல். அவ்வளவுதான் சாமான். ஒட்டகம் நடக்கிற வேகத்தில் போகும். சமைக்கும்போது போட்டால் குழம்பு அடிப்பிடிக்கும், சொல்லிவிட்டேன்.

சக்தியைப் பற்றி உனக்கு நான் என்ன சொல்ல? அதில் தபலா வாசித்த ஜாகிர் ஹுசைன் 2024 டிசம்பரில் இறந்தபோது நாம் இரண்டு பேரும் போனில் அழுதது போதும். ஆனால் ஒரு விஷயம் நீ கவனித்திருக்க மாட்டாய். சக்திக்காக ஜான் மெக்லாஃப்லின் செய்துகொண்ட கிட்டாரில், ஃப்ரெட் என்ற உலோக மெட்டுகளுக்கு நடுவே இருக்கும் மரத்தைக் குழித்திருப்பார்கள். விரல் கட்டையில் முட்டாமல் கம்பியை அழுத்தலாம், இழுக்கலாம். சுரத்தை அசைக்கிற கமகம் வர வேண்டும் என்பதற்காகச் செய்த வேலை. அவர் அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் நம் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றுக்கொண்டவர். ஆக, அந்தக் கிட்டார் வீணையாக ஆசைப்பட்டதென்றால் நீ போக வேண்டிய அடுத்த இடம் வீணை பாலசந்தர்தான். வீணையின் ஒரே மெட்டில், அதாவது ஒரே ஃப்ரெட்டில், கம்பியைப் பக்கவாட்டில் இழுத்து இழுத்து எத்தனை சுரம் எடுக்கிறார் என்று கேள். கோபக்கார மனுஷர், வாசிப்பிலும் அது தெரியும். எனக்கு அதுதான் பிடிக்கும்.

அப்புறம் ஆளைப் பிடித்துக்கொண்டு போவது என்று ஒரு வழி இருக்கிறது. கோஷ்டி பிடித்துப்போனால், அதில் இருக்கும் ஒருவரை மட்டும் பிடித்துக்கொண்டு அவர் வேறெங்கே வாசித்தார் என்று பார்ப்பது. சக்தியின் வயலின் எல். ஷங்கரைப் பின்தொடர்ந்தால் 1985-இன் 'சாங் ஃபார் எவ்ரிஒன்' வரும். நார்வேக்காரர் யான் கார்பரெக்கின் சாக்ஸபோனும் இருக்கிறது, ஜாகிரும் இருக்கிறார். ஆப் இந்த வழியில் உன்னைக் கூட்டிப்போகாது. அந்தக் காலத்தில் கேசட் அட்டையின் உள்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்துத்தான் இதெல்லாம் தெரிந்துகொண்டோம். நம் ரெக்கார்டிங் கடை அண்ணன் நினைவிருக்கிறாரா? நாம் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்தால், அதைப் படித்துவிட்டு, 'இது கேட்கிறியா, அப்ப இதையும் கடைசியில போட்டுத் தர்றேன்மா' என்று மிச்சமிருக்கும் நாடாவில் தன் விருப்பமாக ஒன்றைப் பதிந்து தருவார். தொண்ணூறு நிமிஷ டி.டி.கே.யில் பக்கத்துக்கு நாற்பத்தைந்து. அவர் போட்ட பாட்டு பெரும்பாலும் பாதியில் அறுந்துவிடும். மீதியைக் கேட்பதற்காகவே அடுத்த கேசட் வாங்கப் போவோம். வியாபாரி!

இந்தியன் ஓஷனுக்கு வருகிறேன். 2000-இல் வந்த 'கந்தீசா'வில் உன்னைப் பிடித்தது ராகுல் ராமின் பேஸ் கிட்டார். கேரளத்துச் சுரியானிக் கிறிஸ்தவர்களின் பழைய பிரார்த்தனையை அந்தப் பேஸ் தரையோடு சேர்த்துக் கட்டிவைத்திருக்கும். அடி வயிற்றில் அதிர வேண்டும் உனக்கு. அப்படியானால் கேரளத்திலிருந்து அவியல் என்ற கோஷ்டி, 2008-இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பம், மலையாளத்தில் அசல் ராக். வார்த்தை புரியாவிட்டாலும் பரவாயில்லை, சத்தமாக வை.

நம் ஊரிலேயே இருக்கிறது ஒன்று, அதை நீ இன்னும் கேட்கவில்லை என்றால் எனக்குக் கோபம் வரும். த கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற கோஷ்டி. பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து 2017-இல் உண்டாக்கியது. முதல் கச்சேரி 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில். பெயர், அயோத்திதாசப் பண்டிதர் சொன்ன 'சாதியற்ற தமிழர்' என்பதிலிருந்து வந்தது. கானா, ராப், ராக், பறை, சட்டி மேளம் எல்லாம் ஒரே மேடையில். சாவு வீட்டில் மட்டும் கேட்டால் போதும் என்று நம் தெருக்காரர்கள் ஒதுக்கிவைத்த கானா அது. அதில் பாடும் இசைவாணி நிற்கும் தோரணையைப் பார், அப்புறம் குரலைக் கேள். 2020-இல் பி.பி.சி.யின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தபோது, என் ஆபீஸில் பாதிப் பேருக்கு யாரென்றே தெரியவில்லை. வடசென்னைக்குப் பஸ்ஸில் முக்கால் மணி நேரம், அவ்வளவு தூரம்தான்.

இப்போது உன் பங்கு. நீ எனக்குக் கேட்க அனுப்பிய இரண்டில் 'ஜுனூன்' ஆல்பம் அபாரம். ரேடியோஹெட்டின் ஜானி கிரீன்வுட் ஜோத்பூர்க் கோட்டைக்குள் போய் ராஜஸ்தான் பாண்டு வாத்தியக்காரர்களோடு உட்காருவார் என்று யார் நினைத்தது? கல்யாண ஊர்வலத்து டிரம்பெட் அப்படியே சுருதி பிசகுகிற மாதிரி போய், பிசகாமல் திரும்பி வருகிறது. அதை இவரும் கேட்டார். லேபிள் ஒட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார் என்றால் பார்த்துக்கொள்.

இன்னொன்று, கீர்த்தனைகளை ராக்கில் பாடும் அகம் கோஷ்டி, எனக்கு ஒட்டவில்லை. கோபித்துக்கொள்ளாதே. பாடுபவர் குரலில் குறை சொல்ல ஒன்றுமில்லை, டிரம்ஸும் பிரமாதம். ஆனால் சின்ன வயதிலிருந்து அந்தக் கீர்த்தனைகளை எங்கள் பெரியம்மா பாடிக் கேட்டவள் நான். கிட்டார் உள்ளே வரும்போதெல்லாம் பெரியம்மா எழுந்து கதவைச் சாத்துகிறார். உனக்கு அந்தத் தொல்லை இல்லை, நீ கேள்.

அடுத்த கடிதத்தில் எனக்கு ஏதாவது அனுப்பு. எனக்கு என்ன பிடிக்கும் என்று பெயர் சொல்லப்போவதில்லை, இடம் சொல்கிறேன். இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்'டில் வயலின்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் எது முன்னால் ஓடுகிறது என்று நமக்கே குழம்பிப்போகும் இல்லையா? அந்தக் குழப்பம்தான் எனக்கு வேண்டும். எந்த நாடாக இருந்தாலும் சரி. ஜெர்மன் இசைமேதை பாக் (Bach) பெயரை மட்டும் சொல்லாதே, அவர் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறார்.

மார்கழியில் வருவதாகச் சொன்னாயே, ஜனவரி என்று தள்ளிப்போடாதே. சபா கேன்டீனுக்கு உன்னை விட்டால் எனக்குத் துணை கிடையாது. இவர் காபிக்கு டிக்கெட்டா என்று கேட்கிற ஆள். உன் வீட்டுக்காரருக்கு என் வணக்கம் சொல்லு. சின்னவளுக்கு வரன் பார்ப்பது என்ன ஆயிற்று என்று எழுதவே இல்லையே?

தோடியைக் கேட்டுவிட்டு என்னைத் திட்டுவதானால் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேல் போன் பண்ணு. அதற்கு முன்னால் இவர் அப்பளம் டப்பாவுக்கு என்ன பெயர் எழுதுவது என்று என்னைப் படுத்திக்கொண்டிருப்பார்.

அன்புடன்,
விஜி