பில் போடும் சர்வீஸ் தூங்கினால் எங்கள் சாய மெஷினில் சோடா ஏன் இரண்டு தடவை விழ வேண்டும்?

அனுப்புநர்:
உரிமையாளர், பின்னல் துணிச் சாயப்பட்டறை, திருப்பூர்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: உங்கள் ‘எல்லாத் தொழிலுக்கும் ஒரே தளம்’ மென்பொருளால் ஏற்பட்ட நஷ்டமும், அதன் அமைப்பில் உள்ள கோளாறும்.

ஐயா,

பதினான்கு மாதங்களாக உங்கள் தளத்துக்குப் பணம் கட்டி வருகிறேன். இதுவரை உங்கள் உதவி மையத்தில் 23 புகார் பதிந்தேன். அதில் 19க்கு ‘தீர்க்கப்பட்டது’ என்று பதில் வந்தது. எதுவும் தீரவில்லை. அதனால்தான் இந்தத் தடவை உட்கார்ந்து கடிதமாகவே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கடந்த மாதம் 14ஆம் தேதி இரவு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 480 கிலோ காட்டன் துணி, நேவி ப்ளூ, சாஃப்ட் ஃப்ளோ மெஷினில் ஓடிக்கொண்டிருந்தது. ரியாக்டிவ் சாயம், 60 டிகிரி. கிலோவுக்கு 6 லிட்டர் கணக்கில் 2,880 லிட்டர் தண்ணீர். லிட்டருக்கு 20 கிராம் சோடா ஆஷ் என்றால் 57.6 கிலோ. இந்தச் சோடாவை ஒரேயடியாகக் கொட்டக் கூடாது. சோடா விழுந்தால்தான் சாயம் நூலைப் பிடிக்கும். வேகமாக விழுந்தால் ஒரு இடத்தில் அழுத்தமாகவும் இன்னொரு இடத்தில் வெளுப்பாகவும் பிடித்துவிடும். அதனால் எட்டுத் தவணையாக, தவணைக்கு 7.2 கிலோ வீதம், 40 நிமிடத்தில் இறங்கும்படி வைத்திருக்கிறோம். அந்தத் தவணைகளுக்குக் கட்டளை அனுப்புவது உங்கள் தளம்தான்.

முதல் தவணை விழுந்தது. சோடாவை அளந்து விடும் டோசிங் டேங்க் ‘போட்டாயிற்று’ என்று பதிலும் அனுப்பியது. உங்கள் தளத்தில் ஒவ்வொரு வேலைக்கும் சர்வீஸ் என்று ஒரு தனி நிரல் இருக்கிறது. அந்தப் பதில் உங்கள் ரெசிபி (சாயமிடும் செய்முறை) சர்வீஸுக்குப் போய், அங்கிருந்து ஆர்டர் சர்வீஸுக்குப் போய், அது ஸ்டாக் சர்வீஸைக் கேட்டு, ஸ்டாக் பில்லிங் சர்வீஸைக் கேட்டு, பில்லிங் ஜிஎஸ்டி இணைப்பைக் கேட்டு... அன்றைக்கு இரவு ஜிஎஸ்டி இணைப்பு மெதுவாக இருந்தது. 30 நொடியில் பதில் வராததால், கட்டளை போய்ச் சேரவில்லை என்று முடிவு கட்டி, உங்கள் தளம் அதே கட்டளையை மறுபடி அனுப்பியது. இன்னொரு 7.2 கிலோ விழுந்தது. எட்டுத் தவணையிலும் இதே கதை. மொத்தம் 115.2 கிலோ.

நைட் ஷிஃப்ட் சூப்பர்வைசர் பார்த்தபோது உங்கள் திரையில் எல்லாம் பச்சை. தவணை எட்டு, முடிந்தது எட்டு. காலையில் துணியை விரித்தால் மேகம் மேகமாக இருக்கிறது. காஸ்டிக்கும் ஹைட்ரோஸும் போட்டு ஸ்ட்ரிப் செய்து, அதாவது ஏறிய சாயத்தை எடுத்துவிட்டு, மறுபடி சாயம் ஏற்றினோம். துணியின் தன்மை கெட்டுவிட்டது என்று பார்ட்டி கிலோவுக்கு 18 ரூபாய் கழித்துக்கொண்டார். சாயம், நீராவி, தண்ணீர், இரண்டு ஷிஃப்ட் கூலி எல்லாம் சேர்த்து நஷ்டம் 61,400 ரூபாய். கணக்கை இணைத்திருக்கிறேன்.

உங்கள் பொறியாளர் போனில் சொன்ன விளக்கம் இது: “சார், மூன்று தடவை வரை மறுமுயற்சி என்பது எங்கள் தளத்தின் பொது விதி. எல்லா சர்வீஸுக்கும் அதுதான்.” தம்பி மரியாதையாகத்தான் பேசினார், அவர்மேல் கோபம் இல்லை. ஆனால் அந்த ஒரு வரிதான் என் புகாரே.

ஒரு எஸ்எம்எஸ் இரண்டு தடவை போனால் வாங்குகிறவர் எரிச்சல்படுவார், அவ்வளவுதான். இ-இன்வாய்ஸ் இரண்டு தடவை போனால் அரசாங்கத் தளமே தடுத்துவிடும். விற்பவரின் ஜிஎஸ்டி எண், பில் எண், ஆவண வகை, நிதியாண்டு இவற்றிலிருந்துதான் 64 எழுத்து ஐஆர்என் என்ற பில் அடையாள எண் உருவாகிறது. அதே பில் மறுபடி வந்தால் ஏற்கெனவே பதிந்தது என்று மறுத்துவிடுகிறது. அதை வடிவமைத்தவர்கள், தபால் இரண்டு தடவை வரும் என்பதை முன்னாடியே யோசித்திருக்கிறார்கள். சோடாவுக்கு அப்படி யார் இருக்கிறார்கள்? தண்ணீரில் விழுந்த சோடாவைத் திருப்பி எடுக்க முடியாது. ஒவ்வொரு டோஸ் கட்டளைக்கும் ஒரு தனி எண் கொடுத்து, ‘இந்த எண்ணைப் போட்டாயா?’ என்று டோசிங் டேங்கிடம் முதலில் கேட்டிருந்தாலே போதும். சென்னையில் மென்பொருள் வேலை பார்க்கும் என் அக்கா பையன் இதைக் கேட்டுவிட்டு, “மாமா, இது கல்லூரியிலேயே சொல்லிக்கொடுப்பதாச்சே” என்றான். எனக்கு அது தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அவன்தான் இன்னொரு கணக்கும் போட்டுக் காட்டினான். உங்கள் ஒப்பந்தத்தில் ஒவ்வொரு சர்வீஸும் 99.5 சதவீத நேரம் வேலை செய்யும் என்று உறுதி கொடுத்திருக்கிறீர்கள். மாதத்துக்கு 720 மணி நேரம் என்று வைத்தால், ஒரு சர்வீஸ் 3.6 மணி நேரம் நிற்கலாம். பரவாயில்லை. ஆனால் ஐந்து சர்வீஸ் சங்கிலியாக ஒன்றுக்காக ஒன்று காத்துக்கொண்டு நின்றால், ஐந்தும் சேர்ந்து உயிரோடு இருக்கும் நேரம் 97.5 சதவீதம்தான். அதாவது மாதத்துக்கு 18 மணி நேரம்வரை என் மெஷின் சிக்கலில் இருக்கலாம், அப்போதும் நீங்கள் ஒப்பந்தத்தை மீறியதாக ஆகாது! துணிக்கு சோடா போடுவதற்கு ஜிஎஸ்டி எதற்கு ஐயா? பில்லுக்கான தகவலை ஒரு வரிசையில் போட்டு வைத்துவிட்டு, இணைப்பு வந்ததும் அனுப்பலாமே. பில் காலையில் போனாலும் யாரும் கேட்கப்போவதில்லை. சோடா காலையில் போட முடியாது.

ஈரோட்டில் இரத்தப் பரிசோதனைக் கூடம் நடத்தும் என் மச்சானும் உங்கள் வாடிக்கையாளர்தான். என் பேச்சைக் கேட்டு வாங்கினார், இப்போது விசேஷங்களில் என்னைப் பார்த்தால் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவருக்கும் எனக்கும் கொடுத்திருப்பது ஒரே ஆர்டர் சர்வீஸ். ‘பெறப்பட்டது, நடக்கிறது, முடிந்தது, பில் ஆனது’ என்று நான்கு நிலை. முடிந்தது என்று ஆகிவிட்டால் திரும்பி வர வழியில்லை. சாயப்பட்டறையில் முடிந்தது என்பது அவ்வளவு சீக்கிரம் வருவதில்லை. ஷேட் (நிறம்) பார்க்க வேண்டும், கொஞ்சம் குறைந்தால் அதே லாட்டுக்கு, அதாவது சேர்த்துச் சாயமிட்ட அதே துணிக்கு, டாப்பிங் என்று மேலே கொஞ்சம் சாயம் கொடுக்க வேண்டும், ரொம்பக் கெட்டால் ஸ்ட்ரிப் செய்ய வேண்டும். லாட் ஒன்றுதான். உங்கள் தளத்தில் அதற்கு இடமில்லாததால் எங்கள் பையன்கள் புது ஆர்டர் போடுகிறார்கள். விளைவு, மேலே சொன்ன 480 கிலோ துணி உங்கள் மாத அறிக்கையில் 960 கிலோவாக நிற்கிறது.

இது வெறும் கணக்குப் பிழை என்று நினைக்காதீர்கள். 2011ல் கழிவுநீர்ப் பிரச்சினையில் உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதை நாங்கள் மறக்கவில்லை. அதற்குப் பிறகு எவ்வளவு துணி, எவ்வளவு கழிவுநீர் என்று ஒவ்வொரு எண்ணுக்கும் பதில் சொல்லித்தான் பட்டறை நடத்துகிறோம். ஆய்வுக்கு வருகிறவரிடம் ‘அது மென்பொருள் காட்டும் எண், நிஜம் வேறு’ என்று நான் சொன்னால் நம்புவாரா?

மச்சானின் கூடத்தில் இதே குறை வேறு உருவத்தில் வருகிறது. ஒரு ரிசல்ட்டைத் திருத்த வேண்டி வந்தால் புது ஆர்டர் போட வேண்டும். பழைய ரிசல்ட் நோயாளியின் போனில் அப்படியே கிடக்கிறது. டாக்டர் எதைப் பார்ப்பார்? மருத்துவத் துறைக்கென்றே 1987ல் தொடங்கப்பட்ட எச்எல்7 அமைப்பின் தகவல் பரிமாற்றத் தரத்தில் ‘இறுதியானது’, ‘திருத்தப்பட்டது’ என்று ரிசல்ட்டுக்குத் தனித்தனி நிலையே வைத்திருக்கிறார்கள். அந்தத் துறைக்காரர்கள் பட்டுத் தெரிந்துகொண்டதை எல்லாம் உங்கள் நான்கு நிலைக்குள் அமுக்கிவிட்டீர்கள்.

லாகின், எஸ்எம்எஸ், பில் அச்சு, கோப்பு சேமிப்பு இவையெல்லாம் பொதுவாக இருக்கட்டும், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆர்டர் என்றால் என்ன, முடிந்தது என்றால் என்ன, ரத்து என்றால் என்ன என்பதைப் பொதுவாக வைத்ததுதான் தப்பு. பெயர் ஒன்றாக இருக்கிறது என்பதற்காக இரண்டு வேலையை ஒரே சர்வீஸில் கட்டிவிட்டீர்கள்.

மெஷின் இணைப்பிலும் இதையே செய்திருக்கிறீர்கள். எங்கள் மெஷினை இயக்கும் கண்ட்ரோலர் பேசுவது மாட்பஸ். 1979லிருந்து இருக்கும் பழைய நெறிமுறை, ஒரு ரெஜிஸ்டரில், அதாவது எண் வைக்கும் ஒரு அறையில், 16 பிட்தான் பிடிக்கும். வெப்பநிலை போன்ற 32 பிட் எண்ணை இரண்டு ரெஜிஸ்டரில் பிரித்து வைப்பார்கள். எது முதலில், எது பின்னால் என்பது மெஷின் செய்கிறவரைப் பொறுத்தது. உங்கள் தளம் மாற்றிப் படித்ததால் செட் பாயிண்ட் (நாங்கள் வைத்த வெப்பநிலை) 60 டிகிரி என்பது திரையில் 0 என்று வந்தது. நான்கு மாதம் கத்திய பிறகு உங்கள் ஆள் மாற்றிக் கொடுத்தார். மறுநாளே பழையபடி 0. ஏன் என்று கேட்டால், வேறு வாடிக்கையாளரின் குளிர்பதனக் கிடங்கில் எண்கள் கோணலாகிவிட்டனவாம், அதனால் திருப்பி மாற்றிவிட்டாராம். யாரோ ஒருவருடைய கிடங்குக்கும் என் சாய மெஷினுக்கும் ஒரே ஒரு ஸ்விட்ச் வைத்திருக்கிறீர்கள் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அந்தக் கிடங்குக்காரரும் என்னைத் திட்டியிருப்பார், பாவம்.

அப்புறம் பணம். மாதம் 2 லட்சம் அழைப்புக்கு (சர்வீஸுக்குப் போகும் கோரிக்கைக்கு) மேல் போனால் கூடுதல் கட்டணம் என்பது ஒப்பந்தம். கடந்த மூன்று மாத பில்லைப் பார்த்தால் உங்கள் மறுமுயற்சிகளையும் அழைப்பாக எண்ணியிருக்கிறீர்கள். உங்கள் சர்வீஸ் உங்கள் சர்வீஸையே தட்டி எழுப்பியதற்கு என்னிடம் 11,250 ரூபாய் வாங்கியிருக்கிறீர்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான். அந்த 11,250 ரூபாயையும் 14ஆம் தேதி நஷ்டம் 61,400 ரூபாயையும் திருப்பிக் கொடுங்கள். டோசிங் கட்டளைகளுக்குத் தனி எண் வையுங்கள், பில்லிங் சங்கிலியிலிருந்து மெஷினை வெட்டிவிடுங்கள். இணைப்பு போனாலும் ரெசிபி ஓடும்படி பட்டறைக்குள்ளேயே ஒரு சின்னக் கணினி வையுங்கள், அதற்கான செலவில் பாதியை நானே தருகிறேன். ஒரே லாட்டுக்கு மறுவேலை பதிய வழி செய்யுங்கள். மாட்பஸ் அமைப்பை ஒவ்வொரு மெஷினுக்கும் தனியாக வைக்க முடியாது என்றால், அதை எழுத்தில் கொடுத்துவிடுங்கள், நான் வேறு வழி பார்த்துக்கொள்கிறேன். அப்படிப் போகிற நிலை வந்தால் பதினான்கு மாத ரெசிபிகளும் ஷேட் பதிவுகளும் வேறு மென்பொருள் படிக்கக்கூடிய கோப்பாக எனக்கு வேண்டும். அவை எங்கள் சாய மாஸ்டர் இருபது வருடத்தில் சேர்த்த சொத்து, உங்கள் தளத்தின் சொத்து இல்லை.

பதினைந்து நாளுக்குள் எழுத்துப்பூர்வமாகப் பதில் வேண்டும். வராவிட்டால் ஒப்பந்தத்தில் உள்ள நடுவர் தீர்ப்புப் பிரிவின்படி நோட்டீஸ் அனுப்பச் சொல்லி வக்கீலிடம் பேசிவிட்டேன். ‘உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்’ என்று தானாக வரும் மின்னஞ்சலைப் பதிலாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

14ஆம் தேதியிலிருந்து டோசிங் டேங்கின் நெட்வொர்க் ஒயரைப் பிடுங்கி வைத்திருக்கிறோம். எட்டுத் தவணையையும் சூப்பர்வைசர் கடிகாரம் பார்த்துக் கையால்தான் போடுகிறார்.

இப்படிக்கு,
உரிமையாளர்

இணைப்பு: 14ஆம் தேதி டோசிங் பதிவு, நஷ்டக் கணக்கு, மூன்று மாத அழைப்புக் கட்டண பில், லாட்டிலிருந்து வெட்டிய துணித் துண்டு ஒன்று.