சாவடியில் பல்பு எரிய வைத்தவர்களுக்கு

ஊர்க்காரர்களுக்கும் வெளியூரிலிருந்து கைகொடுத்தவர்களுக்கும் வணக்கம்.

மே மாத லீவில் நம் ஊர்ச் சாவடியில் பிள்ளைகள் மாவை உருட்டி, பேட்டரி வைத்துக் குட்டி பல்பு எரியவிட்ட ‘கரண்டு விளையாட்டு’ 10 நாள் நடந்து முடிந்து இரண்டு வாரம் ஆகிறது. கடைசி நாளன்றே மைக்கைப் பிடித்து நன்றி சொல்லியிருக்க வேண்டும். 23 பிள்ளைகள் போட்ட கூச்சலில் எனக்கு யார் பெயரும் ஞாபகத்துக்கு வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகுதான் ஒவ்வொரு முகமாக வந்தது. அதனால் எழுதியே சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் சாவடியில் சீட்டு விளையாடும் பெரியவர்களுக்கு. ஒரு பள்ளிக்கூடத்தில் வகுப்பறை கேட்டுப் போயிருந்தோம். “ஆறு வயசுப் பிள்ளை”, “கரண்டு” என்ற இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னதுமே முடியாது என்று அனுப்பிவிட்டார்கள். அவர்கள் பயமும் நியாயம்தான். நீங்கள் ஒரு வார்த்தை கேட்காமல் ஜமுக்காளத்தைச் சுருட்டிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனீர்கள். மூன்றாம் நாளிலிருந்து சீட்டை விட்டுவிட்டு எங்களை வேடிக்கை பார்த்ததையும் கவனித்தேன்.

இந்த யோசனைக்குச் சொந்தக்காரர் அமெரிக்காவில் இருக்கிறார். மினசோட்டா மாநிலத்தில் செயின்ட் தாமஸ் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் அன்மேரி தாமஸ். பிள்ளைகள் உருட்டி விளையாடும் மாவில் உப்பு இருக்கிறது, உப்பு இருந்தால் கரண்டு பாயும், அப்புறம் எதற்கு வயரும், ஈயத்தை உருக்கி ஒட்டும் சால்டரிங்கும், மாவையே வயராக்கிவிடலாம் என்று தன் மாணவரோடு சேர்ந்து செய்து காட்டியவர். 2011-ல் அவர் டெட் (TED) என்ற பேச்சு மேடையில் பேசிய சில நிமிடப் பேச்சைப் பார்த்துத்தான் எனக்கு இந்தக் கிறுக்கு பிடித்தது. இந்த மடல் அவரிடம் போய்ச் சேரப்போவதில்லை. ஆனாலும் சொல்லாமல் விடக்கூடாது.

அவருடைய செய்முறை சுலபம். ஒன்றரைக் கப் மைதா, ஒரு கப் தண்ணீர், கால் கப் உப்பு, ஒரு மேஜைக்கரண்டி எண்ணெய். அதோடு கிரீம் ஆஃப் டார்ட்டர் என்று ஒரு புளிப்புப் பொடி. கோவில்பட்டி பூராவும் அலைந்தும் அது கிடைக்கவில்லை. எலுமிச்சைச் சாறு போதும் என்று அவரே மாற்றும் சொல்லியிருக்கிறார். பழம் கொடுத்த தோட்டத்து மதினிக்கு நன்றி. உப்புக்கு மட்டும் யாரிடமும் கை நீட்டவில்லை, தூத்துக்குடி மாவட்டத்தில் பிறந்துவிட்டு அதற்குமா!

கல்யாண வீடுகளில் சமைக்கும் அக்கா இல்லையென்றால் அந்த மாவு கடைசி வரை கூழாகவே இருந்திருக்கும். நான் கிண்டியது கட்டி தட்டிப் போனது. அக்கா வந்து எட்டிப் பார்த்தார், கரண்டியைப் பிடுங்கினார், தீயைக் குறைத்தார். “அல்வா மாதிரிதான். சட்டியில ஒட்டாம திரண்டு வரணும்.” திரண்டு வந்தது. பத்து நாளும் காலை ஏழு மணிக்கே வந்து கிண்டிக் கொடுத்தார். கூலி என்று பேச்செடுத்தபோது என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன்.

இனி என் மானம் போன கதை. இந்த விளையாட்டுக்கு இரண்டு மாவு வேண்டும். உப்பு மாவில் கரண்டு போகும், சீனி மாவில் போகாது. இரண்டு உப்பு உருண்டைக்கு நடுவில் சீனி மாவைச் சுவராக வைத்து, எல்இடி என்ற குட்டி பல்பின் நெட்டைக் காலைப் பிளஸ் பக்க உருண்டையிலும் குட்டைக் காலை மைனஸ் பக்க உருண்டையிலும் குத்தினால் எரியும். சுவர் இல்லாமல் இரண்டு உருண்டையும் ஒட்டிக்கொண்டால் அணைந்துவிடும். “குறுக்கு வழி கெடச்சா கரண்டு எதுக்கு பல்பு வழியாச் சுத்திப் போகும்?” என்று ஏழு வயதுப் பெண் ஒருத்தி இரண்டாம் நாளே சொல்லிவிட்டாள். ஷார்ட் சர்க்யூட்டை இதைவிட நன்றாக எனக்குச் சொல்லத் தெரியாது.

ஆனால் முதல் நாள் நான் சீனி மாவை மட்டும் எடுத்து, அதில் நான்கு பேட்டரிக் கட்டையின் வயர்களையும் ஒரு சிவப்பு எல்இடியையும் குத்தி, “பாருங்க, இதுல எரியவே எரியாது” என்று தூக்கிக் காட்டினேன். எரிந்தது. மங்கலாக, ஆனால் எரிந்தது. “டீச்சர், எரியுது!” என்று 23 பேரும் சிரித்த சிரிப்பு பஸ் ஸ்டாப் வரை கேட்டதாம்.

அன்று சாயங்காலம் இன்வெர்ட்டர் பேட்டரி வேலை பார்க்கும் அண்ணாச்சி கடையில் போய் உட்கார்ந்தேன். முழுக் கதையையும் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார். “எந்தத் தண்ணி ஊத்திப் பிசைஞ்சே?” நம் ஊர் போர்த் தண்ணீர்தான், வேறென்ன? “அதான். போர்த் தண்ணியில கரைஞ்சு கெடக்குற உப்பு கரண்டைக் கூட்டிட்டுப் போகும். பேட்டரிக்கு ஊத்துற தண்ணியை ஊத்து.” ஐந்து லிட்டர் டிஸ்டில்டு வாட்டர் கேனைத் தூக்கிக் கொடுத்துவிட்டார், காசு வாங்கவில்லை. மறுநாள் பழைய சீனி மாவையும் புதிய சீனி மாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினோம். ஒன்றில் மினுக்கென்று எரிந்தது, மற்றதில் எரியவில்லை. என் தப்பே ஒரு நாள் பாடமாகிவிட்டது. அண்ணாச்சி, அந்தப் பாடம் உங்களுடையது. (மூன்றாம் நாள் காலையில் சீனி மாவை எறும்பு மொய்த்திருந்தது. எது உப்பு மாவு, எது சீனி மாவு என்று எறும்பிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்பது பிள்ளைகளின் கண்டுபிடிப்பு.)

பட்டன் பேட்டரி ஒரு பெட்டி நிறைய வாங்கி வந்த தம்பிக்கு நன்றியோடு ஒரு மன்னிப்பும். பிரிக்காமலே திருப்பிக் கொடுத்தோம், வருத்தப்படாதே. சின்னப் பிள்ளை அதை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துவிடலாம். 6 வயதுப் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் பெரிய கட்டைதான் சரி.

தீப்பெட்டி ஆபீஸ் அக்காமார்கள் மருந்து பூசாத காலிப் பெட்டிகளை இரண்டு சாக்கு நிறையக் கொடுத்தீர்கள். அதில்தான் பிள்ளைகள் ஒரு தெருவையே கட்டினார்கள், வீட்டுக்கு ஒரு எல்இடி. யாரோடும் அதிகம் பேசாத ஒரு பையன் ஒரு பெட்டியை எடுத்து உள்தட்டின் பக்கத்தில் அலுமினியத் தாள் ஒட்டினான். மேல்கூட்டின் உட்புறத்தில் இரண்டு துண்டு, இடையில் விரற்கடை இடைவெளி. தட்டைத் தள்ளி மூடினால் தாளும் தாளும் தொட்டு விளக்கு எரியும், இழுத்தால் அணையும். “எங்க வீட்டு பிரிட்ஜுக்கு நேர் எதிர்” என்றான். சுவிட்ச் என்ற வார்த்தையை நான் அதுவரை சொல்லவே இல்லை. அந்தப் பெட்டியை அவன் யாருக்கும் தரவில்லை, எனக்கும்தான்.

சென்னை ரிச்சி தெருவில் அலைந்து 200 எல்இடி வாங்கி அனுப்பிய அக்கா மகனுக்கு நன்றி. சிவப்பையும் நீலத்தையும் சேர்த்து வைத்தால் நீலம் மங்குகிறதே என்று நான் போன் போட்டபோது, சிவப்புக்குக் கிட்டத்தட்ட 2 வோல்ட் போதும், நீலத்துக்கு 3 பக்கம் வேண்டும் என்று பரீட்சைக்குப் படித்துக்கொண்டே சொன்னவன் அவன். தினமும் சாயங்காலம் உப்பில் கறுத்த எல்இடிக் கால்களை ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்த கல்லூரித் தங்கச்சிகளுக்கும் நன்றி. கடைசி நாள் வந்த லைன்மேன் அண்ணன் வீட்டு பிளக்கைக் காட்டி, “இங்கே விளையாடுனது 6 வோல்ட், இது 230. இதுகிட்ட விளையாட்டு கிடையாது” என்று சொன்னபோதுதான் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பெரியப்பா, உங்கள் கிணற்றுக் கயிற்றைக் கடைசிக்கு வைத்திருந்தேன். கரண்டு எப்படிச் சுற்றி வருகிறது என்று காட்ட, இரண்டு முனையையும் முடிச்சுப் போட்டு வட்டமாக்கி, எல்லாரும் சுற்றி நின்று கை வழியாக ஓட விட்டோம். ஒருவன் பேட்டரி, இழுத்துக்கொண்டே இருப்பான். அவன் இழுத்த அந்த நொடியே வட்டம் முழுக்கக் கயிறு நகர்கிறது, போன கயிறு குறையாமல் அவனிடமே திரும்பி வருகிறது. ஒருத்தி மட்டும் பல்பு, அவள் இறுக்கிப் பிடிக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில், “அய்யோ, கை சுடுது!” என்று கத்தினாள். பல்பு ஏன் சூடாகிறது என்று அதற்கப்புறம் யாரும் என்னிடம் கேட்கவில்லை.

கயிறு இன்னும் சாவடியில்தான் இருக்கிறது. சாயங்காலமானால் பிள்ளைகள் எடுத்து வைத்துக்கொண்டு யார் பேட்டரி என்று சண்டை போடுகிறார்கள். கிணற்றுக்கு வேண்டுமென்றால் சொல்லுங்கள், புதுக்கயிறு வாங்கித் தருகிறோம். இதைத் திருப்பிக் கேட்டுவிடாதீர்கள்.