கடைசி நாள் பரிசும் கவுண்டரில் நிற்பவரும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு இணைப்பில் கடைசி நேரக் கிறிஸ்துமஸ் பரிசுகள் என்று ஒரு முழுப் பக்கம் வெளியிட்டிருந்தீர்கள். சென்ட், மணிபர்ஸ், காபிக் கோப்பை, மெழுகுவத்தி என்று படங்கள் வரிசையாக இருந்தன. ஒரு பெரிய கடையின் பரிசுப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவள் நான். அந்தப் பக்கம் யாருக்காகப் போடப்பட்டதோ அவர்களுக்கு உதவாது என்று நினைக்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

டிசம்பர் 23, 24 தேதிகளில் வேர்க்க விறுவிறுக்க உள்ளே வருகிறவர்களுக்குப் பொருள் கிடைக்காமல் இல்லை. சுற்றிலும் அதுதான் குவிந்து கிடக்கிறது. "அம்பது வயசு அம்மா ஒருத்தங்களுக்கு என்ன கொடுக்கலாம்?" என்று கேட்பார்கள். அவங்களுக்கு என்ன பிடிக்கும் என்று நாங்கள் திருப்பிக் கேட்டால் விழிப்பார்கள். பெறப்போகிறவரின் வயதும் உறவும்தான் அவர்கள் மனதில் இருக்கும், ஆள் இருக்க மாட்டார். அந்த நிலையில் இருபது பொருளின் படத்தைக் காட்டினால் குழப்பம் இருபது மடங்காகும், அவ்வளவுதான்.

தள்ளிப்போடுகிறவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. பிரமாதமாக ஒன்று அமையட்டும் என்று காத்திருந்தே நாளைக் கடத்தியவர்கள் அவர்களில் நிறையப் பேர். அப்படி வந்தவர்களிடம் நான் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: "அவங்க சமீபத்துல எதைப் பத்தி அலுத்துக்கிட்டாங்க?" ஒருவர் தன் அக்காவுக்காக வந்திருந்தார். நகைப்பெட்டிகள் இருந்த தட்டுக்கு முன்னால் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தார். இந்தக் கேள்வியைக் கேட்டதும், ராத்திரி படிக்க விளக்கைப் போட்டால் பக்கத்தில் படுத்திருக்கும் குழந்தை விழித்துக்கொள்கிறது என்று அக்கா சொன்னது அவருக்கு ஞாபகம் வந்தது. புத்தகத்தின் மேல் கவ்வி நிற்கும் சின்ன விளக்கு ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அப்புறம் பில் போட எவ்வளவு நேரம் ஆகும்?

இதைப் பொருளாதாரக்காரர்களும் கவனித்திருக்கிறார்கள். ஜோயல் வால்ட்ஃபோகல் என்ற அமெரிக்கப் பேராசிரியர், கல்லூரி மாணவர்களிடம் அவர்களுக்குக் கிடைத்த கிறிஸ்துமஸ் பரிசுகளைப் பற்றி விசாரித்து 1993இல் ஒரு ஆய்வை வெளியிட்டார். கொடுத்தவர் செலவழித்த பணத்தில் பத்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை, பெற்றவரின் கணக்கில் வீணாகிறது என்பது அவர் கண்ட முடிவு. நெருங்கிய நண்பர்கள், காதலர்கள் கொடுத்ததில் இந்த இழப்பு குறைவு. தாத்தா பாட்டி, மாமா அத்தை போன்றவர்கள் கொடுத்ததில் அதிகம். கவுண்டரில் நின்ற எனக்கு இதில் வியப்பே இல்லை. டிசம்பர் 27ஆம் தேதி மாற்றிக்கொள்ள வந்த பொருள்களைப் பார்த்தாலே தெரியும்.

இன்னொரு விஷயம் எனக்கு இதைவிட முக்கியம். சீக்கிரம் வாங்குங்கள் என்ற பிரசாரம் ஆரம்பத்தில் கடை ஊழியருக்காக எழுந்தது. அமெரிக்காவில் 1899இல் தொடங்கிய தேசிய நுகர்வோர் சங்கமும், அதை நடத்திய ஃப்ளாரன்ஸ் கெல்லியும் இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் இதைக் கையில் எடுத்தார்கள். பண்டிகை நெருங்கும்போது கடைப் பெண்களும் பொட்டலம் சுமந்த சிறுவர்களும் நள்ளிரவு வரை வேலை வாங்கப்பட்டதைப் பார்த்து, வாங்குகிறவர்களிடம் முறையிட்டார்கள். சிறுவர்களைக் காக்கச் சட்டங்கள் வந்துவிட்டன. ஆனால் 24ஆம் தேதி இரவு கால் வீங்கி நிற்கிற பெண்களும், கடைசிப் பார்சலோடு மாடிப்படி ஏறுகிற பையன்களும் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டிலும் அன்று பண்டிகைதான்.

சரி, நாள் தப்பிவிட்டது, இப்போது என்ன செய்வது? கடைக்குக் கிளம்பும் முன் ஒரு தாளில் பெயர்களை எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அந்த ஆளைப் பற்றி ஒரு வரி எழுதுங்கள். வரி வராத பெயருக்குப் பொருள் தேட வேண்டாம். ஒரு கிஃப்ட் கார்டு போதும், அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. ஆன்லைனில் வாங்குகிறவர்கள் அனுப்பும் தேதியையும் வந்துசேரும் தேதியையும் ஒன்றாக நினைத்துவிட வேண்டாம். பேட்டரியில் ஓடும் பொம்மை என்றால் பேட்டரி உள்ளே இருக்கிறதா என்று கேளுங்கள். மறுநாள் காலையில் குழந்தை பெட்டியைப் பிரிக்கும்போது கடை பூட்டியிருக்கும். துணி என்றால் விலைச்சீட்டைக் கிழித்தாலும் பில்லை உள்ளே வையுங்கள், அளவு மாற்ற அது வேண்டும்.

பரிசைச் சுற்றித் தரும் மேஜையில் தாள் தீர்ந்துவிட்டால் எங்களிடம் கோபித்துக்கொள்வார்கள். 1917இல் கிறிஸ்துமஸ் சமயத்தில், அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் ஹால் சகோதரர்களின் கடையிலும் இதேபோல மெல்லிய சுற்றுத்தாள் தீர்ந்துபோனது. உறைகளின் உட்புறத்தில் ஒட்டுவதற்காக வைத்திருந்த பூப்போட்ட தாளை எடுத்து விற்றார்கள். மக்கள் அதையே விரும்பி வாங்க, அலங்காரத் தாளை அச்சிட்டு விற்பது பெரிய தொழிலாகவே வளர்ந்தது. ஹால்மார்க் நிறுவனம் அவர்களுடையதுதான். கையில் இருக்கும் தாளில் சுற்றிக் கொடுத்தால் போதும்.

24ஆம் தேதிக்குள் எதுவுமே அமையவில்லை என்றாலும் கலங்க வேண்டியதில்லை. கிறிஸ்துமஸ் காலம் ஒரே நாளில் முடிந்துவிடுவதில்லை. பொன்னும் தூபமும் வெள்ளைப்போளமும் கொண்டுவந்த ஞானிகளை நினைக்கும் மூன்று ராஜாக்கள் திருநாள் ஜனவரி 6ஆம் தேதிதான் வருகிறது. ஸ்பெயினில் குழந்தைகள் பரிசுக்குக் காத்திருப்பதே அந்த நாளுக்குத்தான். ஒரு வாழ்த்து அட்டையில் நாலு வரி கையால் எழுதிக் கொடுத்துவிட்டு, யோசித்து வாங்கிய பரிசை ராஜாக்கள் திருநாளில் கொடுக்கலாம். அவசரத்தில் வாங்கிய காபிக் கோப்பையைவிட அது மேல் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு இந்தப் பக்கத்தை டிசம்பர் முதல் ஞாயிறன்றே போடுங்கள். பொருள்களின் படங்களைப் பாதியாகக் குறைத்து, மீதி இடத்தில் பெயர் எழுத ஒரு கோடும், அந்த ஆளைப் பற்றி எழுத ஒரு கோடுமாக வெற்றுக் கட்டங்கள் அச்சிடுங்கள். வாசகர்கள் அதை வெட்டி எடுத்துக்கொண்டு கடைக்குப் போகட்டும்.

இப்படிக்கு,
பரிசுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற வாசகி